செல்வெத்தாவுக்கு ஏழு பிள்ளைகள்

சதீஸ் அந்த ஊரின் பெயரை முதன்முதலாகச் சொன்னபோது சுதாஜினி குளியலறையில் மகன் அனுசனுக்குத் தலை முழுக வார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்திலிருந்து வந்த கோலத்தோடேயே அவன் கதவடியில் வந்து நின்றான்.

“சுதா, ஒரு ஊர் அம்பிட்டிருக்கு.”

“இந்தமுறை எங்கை?”

“இத்தாலிக்குள்ளைதான். வடக்கை, மலையிலை. செல்வெத்தா எண்டு பேர். பேரே செல்வத்திலை தொடங்குது பார்.”

அவள் அனுசனின் காதுக்குள் போன சவர்க்கார நுரையைத் துடைத்தாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவன் எங்கேயாவது கிளம்பிக்கொண்டுதான் இருந்தான். பலேர்மோவுக்குள்ளேயே நான்கு வீடு மாறிவிட்டார்கள். ஒரு வருடம் பெர்கமோ என்றான், பிறகு லண்டன் என்றான், பிறகு அதையும் மறந்தான். இப்போது சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். பால்கனியில் நின்றால் பஸ் வருவது தெரியும். இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். அவள் வேலை செய்யும் இரண்டு வீடுகளும் கிட்ட. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். இந்த வீடாவது நிலைக்கும் என்று அவள் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தாள்.

சாப்பிடும்போது அவன் போனை மேசையில் நிமிர்த்தி வைத்து ஒரு வீடியோவைக் காட்டினான். சரிவான பச்சைப் புல்வெளி, மரத்தால் கட்டிய உயரமான வீடுகள், கூரான கூரைகள், ஒரு சிறிய தேவாலயம்.

“சுவிஸ் மாதிரிக் கிடக்கு” என்றாள் மகள் கம்சிகா. அவளுக்குப் பத்து வயது.

“சுவிஸ் இல்லை. ஜேர்மன்காரர் உண்டாக்கின ஊர். எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஜேர்மன் பக்கத்திலையிருந்து கொஞ்சக் குடும்பங்கள் மலை ஏறி வந்து, காடு வெட்டிக் குடியேறினவை. இண்டைக்கும் வீட்டுக்குள்ளை அந்தப் பழைய ஜேர்மன்தான் கதைக்கினம்.”

“அப்ப எங்களை ஏன் கூப்பிடினம்?” என்று சுதாஜினி கேட்டாள்.

“அங்கை பிள்ளையள் இல்லை. பள்ளிக்கூடத்திலை அஞ்சு பிள்ளையள்தான் மிச்சம். ஏழு பிள்ளையளாவது இல்லாட்டி வாற செப்ரெம்பரோடை பூட்டிப்போடுவினமாம். பூட்டினா இருக்கிற குடும்பங்களும் கீழை இறங்கிடும். அதுதான், பிள்ளையளோடை வாறவைக்கு வீடு குடுக்கினம். எனக்கு மரம் அரியிற ஆலையிலை வேலை. உனக்கு வயசுபோன ஆக்களைப் பாக்கிற இடத்திலை.” அவன் இரண்டு விரல்களை நீட்டினான். “எங்கட ரெண்டும் போனா ஏழு.”

“அங்கை கடல் இருக்கா?” என்று கம்சிகா கேட்டாள்.

“மலையிலை எப்படியடி கடல்?”

“அப்ப நான் வரேல்லை.”

அன்றைக்கு அந்தக் கதை அதோடு முடிந்ததென்று சுதாஜினி நினைத்தாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவன் எல்லோரையும் சோபாவில் வரிசையாக இருத்தி, போனில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டான். செல்வெத்தா நகரசபையில் வேலை செய்யும் மார்கரீத்தா. நரைத்த கட்டை மயிர், சிவந்த கன்னம். பிள்ளைகளைப் பார்த்துக் கை அசைத்தாள். பிறகு சுதாஜினியிடம், “நீங்களும் வருவதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உங்கள் கணவர் பெப்ரவரியிலேயே வந்து வேலையைத் தொடங்குவதாகச் சொன்ன நாளிலிருந்து வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறோம்” என்றாள்.

சுதாஜினி சிரித்த முகத்தோடு போன் வைக்கும்வரை இருந்தாள். பிறகு பிள்ளைகளைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“எப்ப சொன்னீங்கள் வாறமெண்டு?”

“சும்மா ஒரு பேச்சுக்கு…”

“வீடு கூட்டித் துடைக்கினமாம் அங்கை. சும்மா பேச்சோ?”

“சுதா, ஒருக்கா யோசிச்சுப் பார். இஞ்சை என்ன இருக்கு? நான் நாள் முழுக்க மற்றவங்கட லொறியளைக் கப்பலுக்குள்ளை சங்கிலி போட்டுக் கட்டுறன். எல்லாம் எங்கையோ போகுது. நான் மட்டும் நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவள் கோபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் குரலில் எது நடுங்கியதென்று அவளுக்குத் தெரியும். இலங்கையில் கடைசிப் போர் நடந்தபோது சதீஸின் குடும்பம் புதுக்குடியிருப்பிலிருந்து கரைப்பக்கமாக இடம் மாறி மாறிப் போனது. ஓரிடத்தில் அவனுடைய தகப்பன், “எல்லாரும் களைச்சுப்போனம். இண்டைக்கு இஞ்சையே இருந்திட்டுப் போவம்” என்றார். இருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போன சதீஸ் திரும்பி வந்தபோது தகப்பனும் தம்பியும் உயிரோடு இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு வருடம் ஆகிவிட்டால் அவனுக்குக் கால் பொறுக்காது. அவள் அதற்காகவே நான்கு தடவை சாமான் கட்டினாள்.

ஐந்தாவது தடவைக்கும் ஒத்துக்கொண்டாள். முதலில் அவன் போய்ப் பார்ப்பது, பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் பிள்ளைகளும் போவது என்று பேசி முடிவானது. பெப்ரவரி முதல் வாரம் அவன் ஜெனோவாக் கப்பலில் ஏறினான். எத்தனையோ கப்பல்களில் லொறிகளைக் கட்டி அனுப்பியவன், தானே ஏறுவது அதுதான் முதல் தடவை. மேல் தட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்ததில்லை.

அதன்பிறகு சுதாஜினிக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் ஜூன் முடிய வீட்டை விடுவதாகச் சொன்னாள். அவர் அடுத்த வாரமே மன்னாரிலிருந்து வந்த ஆனந்தராசா குடும்பத்தைக் கூட்டிவந்து அறைகளைக் காட்டினார். ஆனந்தராசாவின் மனைவி திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்து, “இதை விட்டிட்டுப் போவியளோ அக்கா?” என்று கேட்டாள். சுதாஜினி தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கும் சொன்னாள். சிஞ்ஞோரா கொஞ்சம் அழுதார். பிறகு வேறொரு பெண்ணைத் தேடிக்கொண்டார். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் கையை விட்டுப் போயிற்று. பஸ்ஸில் போகும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள்.

கபோ சந்தையில் மீன் வாங்கும்போது பரமேஸ்வரியைக் கண்டாள். பரமேஸ்வரி சீசாவில் கீழ்வீட்டுக்காரி, பலேர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். சுதாஜினியின் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது சரக்குக்கறி வைத்துக் கொடுத்தவள்.

“உண்மையோ பிள்ளை? பனிக்குள்ளை போய் என்ன செய்யப் போறாய்? அங்கை மீனும் இல்லை, கோயிலும் இல்லை, கதைக்க ஒரு தமிழ்ச் சனமும் இல்லை.”

“இவர் போட்டார் அக்கா.”

“அவன் போவான். போறதுதானே அவன்ர வேலை. உனக்கென்ன விருப்பம்?”

சுதாஜினி மீன்காரன் நீட்டிய பையை வாங்கிக்கொண்டாள். வீடு வரும்வரை அந்தக் கேள்வி ஒரு கல் மாதிரிச் செருப்புக்குள் கிடந்து உறுத்திற்று.

சதீஸ் முதல் வாரம் முழுக்கப் போன் எடுத்தான். பனியைக் காட்டினான், ஆலையைக் காட்டினான், அவர்களுக்கென்று ஒதுக்கிய வீட்டின் விறகு அடுப்பைக் காட்டினான். ஆலையை நடத்தும் கிறிஸ்தியான் என்ற கிழவர் தன்னைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பதாகச் சொன்னான். இரண்டாம் வாரம் பேச்சுக் குறைந்தது. “குளிர்” என்பான். “சரி, பிள்ளையளைப் பார்” என்று வைத்துவிடுவான்.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. செல்வெத்தா பள்ளிக்கூட ஆசிரியை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஐந்து பிள்ளைகளை வீடியோவில் கம்சிகாவோடும் அனுசனோடும் கதைக்க விட்டாள். முதல் நாள் கம்சிகா கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அங்கிருந்த ஒரு பையன் தண்ணீரைக் காட்டித் தங்கள் பாஷையில் “வாஸர்” என்றான். அனுசன் திரைக்குக் கிட்டப் போய், “தண்ணி!” என்று கத்தினான். அவர்கள் எல்லோரும் சேர்ந்து “தண்ணி, தண்ணி” என்று கத்தினார்கள். அடுத்த சனிக்கிழமை கம்சிகா அவர்களுக்குப் பலேர்மோப் பிள்ளைகள் தெருவில் திட்டும் சொற்களைச் சொல்லிக் கொடுத்தாள். ஆசிரியைக்கு விளங்கியபோது நேரம் பிந்திவிட்டது. மூன்றாம் சனிக்கிழமை, நேரம் ஆகுமுன்பே போனைத் தூக்கிக்கொண்டு நின்றது கம்சிகாதான்.

“அம்மா, அங்கை மார்த்தா எண்டொரு பிள்ளை. அவளுக்கும் பத்து. அவளின்ர வகுப்பிலை அவள் மட்டும்தான். தனிய இருந்து படிக்கிறாள். கே நோயா, சரியான அலுப்பு என்ன!”

மார்ச் தொடங்கிய ஒரு மத்தியானம் சுதாஜினி வேலை முடிந்து வரும்போது வீட்டு வாசல்படியில் சதீஸ் குந்தியிருந்தான். பக்கத்தில் பை. முகம் வழிக்கவில்லை. அவள் ஒரு கணம் யாரோ என்றுதான் நினைத்தாள்.

“என்னப்பா இது? சொல்லாமல் கொள்ளாமல்?”

“ஏலாது சுதா.”

“ஆரும் ஏதும் சொன்னவையோ? அடிச்சவையோ?”

“சீச்சீ. நல்ல சனம்.” அவன் எழுந்திருக்கவில்லை. “அந்தக் கிழவன், கிறிஸ்தியான், ஞாயிற்றுக்கிழமை என்னைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாக் கல்லறைக் கல்லிலையும் அதே நாலைஞ்சு குடும்பப் பேர்தான். தகப்பன், பேரன், பூட்டன். எண்ணூறு வருசமா ஒருத்தரும் அசையேல்லை. மூலையிலை புல்லு முளைச்ச ஒரு இடத்தைக் காட்டினான். ‘இது எனக்கு. பக்கத்திலை உனக்கும் உன்ர மனுசிக்கும் இடம் இருக்கு’ எண்டான். நல்ல மனசோடைதான் சொன்னவன். எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. அண்டைக்குப் பின்னேர பஸ்ஸிலை இறங்கிட்டன்.”

“சொல்லிப்போட்டு இறங்கினீங்களோ?”

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

சுதாஜினி படியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவனுக்காகப் பரிதாபமாகவும் இருந்தது, கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் பெரிய சத்தத்தோடு போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

“வீடு ஆனந்தராசாக்களுக்குக் குடுத்தாச்சு. சிஞ்ஞோரா வேறை ஆள் எடுத்திட்டா. உங்கட துறைமுக வேலைக்கும் வேறை ஆள். பிள்ளையள் சனிக்கிழமை சனிக்கிழமை அங்கை கதைக்குதுகள். இப்ப நான் என்ன செய்ய?”

“வேறை இடம் பாப்பம்.”

“நீங்கள் பாக்க வேண்டாம்” என்றாள். “நான் போய்ப் பாக்கிறன்.”

“எங்கை?”

“செல்வெத்தாவுக்கு. ஏழு பிள்ளையெண்டு சொல்லி ஆசை காட்டிப்போட்டு ஓடி வந்திருக்கிறீங்கள். முகத்தையாவது காட்டி ஒரு சொல் சொல்ல வேண்டாமோ?”

அவள் அதுவரை தனியாக எங்கும் பயணம் போனதில்லை. இலங்கையிலிருந்து வந்தபோதுகூட இன்னொரு குடும்பத்தோடுதான் வந்தாள். பிள்ளைகளைச் சதீஸிடமும், சதீஸைப் பரமேஸ்வரியிடமும் ஒப்படைத்துவிட்டு, உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு முந்திய வாரம் ஜெனோவாக் கப்பலில் ஏறினாள். கப்பலில் கண் மூடவில்லை. எழும்பி எழும்பிப் போய்க் கடலைப் பார்த்தாள். பிறகு ரயில், பிறகு பஸ், பிறகு இன்னொரு சின்ன பஸ்.

மார்கரீத்தா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கட்டிப்பிடித்தாளே தவிர, போனில் இருந்த சிரிப்பு இல்லை. பனி உருகி ரோட்டெல்லாம் சேறு. பாதி வீடுகளின் ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. வீடியோவில் பார்த்த பச்சை எங்கும் இல்லை. சுதாஜினிக்கு அது ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அழகான இடமென்றால் ஏமாற்றுவதுபோல் இருந்திருக்கும்.

“ஊரில் கோபமாக இருக்கிறார்கள்” என்று மார்கரீத்தா சொன்னாள். “இன்று மாலை பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள். நீங்கள் வர வேண்டாமென்றால் வர வேண்டாம்.”

“வாறன்” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இத்தாலியனில் சொன்னாள்.

வகுப்பறை ஒன்றுதான். சின்னக் கதிரைகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் மடித்து இருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் கதைத்த பாஷை அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் உள்ளே போனதும் பேச்சு நின்றது. முன்வரிசையில் பெரிய கைகளோடு ஒரு கிழவர் இருந்தார். கேட்காமலே அது கிறிஸ்தியான் என்று தெரிந்தது.

“உங்கள் கணவர் நலமா?” என்று அவர் இத்தாலியனில் கேட்டார்.

“நலம். சொல்லாமல் வந்தது பிழை. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.”

“நான் அவனுக்கு என் வீட்டுச் சாப்பாடு கொடுத்தேன். என் பக்கத்தில் இடம் கொடுத்தேன். அவன் ஓடிவிட்டான். இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்த பிறகு, நவம்பர் மாதக் குளிரில் நீங்களும் ஓடினால்?”

யாரோ பின்னால் இருமினார்கள். மார்கரீத்தா ஏதோ சொல்ல எழுந்தாள். சுதாஜினி அவளைக் கையால் இருக்கச் சொன்னாள். ஓட மாட்டேன் என்று சொல்வது லேசு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தாளா என்று யோசித்தாள். வாயில் அது வரவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றாள். “என் அப்பாவும் இப்படித்தான், அரசாங்கம் காட்டில் காணி தருகிறது என்று கேள்விப்பட்டு வேறு ஊரிலிருந்து போனவர். எங்கள் நாட்டில், வன்னியில். மரம் வெட்டி, பாம்பு அடித்து, கிணறு வெட்டியவர்கள். அவரோடு போனவர்களில் பாதிப் பேர் முதல் மழைக்கே திரும்பி ஓடிவிட்டார்கள். மலேரியா. யானை. அப்பா மூன்று தடவை ஓடி, நான்காவது தடவை போய்த்தான் நின்றார்.” அவள் கிழவரைப் பார்த்தாள். “உங்கள் ஆட்கள் முதலில் இங்கே வந்தபோது, ஒருவரும் ஓடவில்லையா?”

கிழவர் தன் பாஷையில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

“ஓடியிருப்பார்கள்” என்றார் கிறிஸ்தியான் கடைசியில். “இந்தக் குளிரில் ஓடாமலா? ஓடினவர்களின் பிள்ளைகள் இங்கே இல்லை, அதனால் அந்தக் கதை எங்களிடம் இல்லை.”

கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது. ஆனால் கிழவர் அவளை வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனார். அடுப்பை எப்படி மூட்டுவதென்று காட்டினார். சேமக்காலைப் பக்கம் போகவில்லை. போகும் வழியில் ஒரு சிறுமி வேலியில் ஏறி நின்று, “கம்சிகா எங்கே?” என்று கேட்டாள். மார்த்தா. கம்சிகா வரவில்லை என்று சொன்னதும் இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்தபோது சுதாஜினிக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு நாள் நின்றாள். இரண்டு நாளும் குளிர், அடுப்பு இரண்டு தடவை அணைந்தது, மீனில்லாத சாப்பாடு தொண்டைக்குள் இறங்க மறுத்தது. பிடித்திருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் வாய் சொல்லவில்லை. மார்கரீத்தா கேட்டபோது, “வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்கிறேன்” என்றாள்.

பலேர்மோத் துறைமுகத்தில் சதீஸ் பிள்ளைகளோடு நின்றான். முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, உற்சாகமாக இருந்தான். அவளுடைய பையை வாங்கி, நடக்கத் தொடங்குமுன்பே சொன்னான்:

“சுதா, கத்தானியாவிலை ஒரு இடம் அம்பிட்டிருக்கு. துறைமுகத்திலை என்னோடை நிண்ட அழகரத்தினம் அண்ணைக்குத் தெரிஞ்ச ஹோட்டலிலை வேலை. கடலுக்குக் கிட்ட. மே மாசமே போகலாம்.”

சுதாஜினி நின்றாள். லொறிகள் வரிசையாகக் கப்பலுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. கம்சிகா அவளுடைய கையைப் பிடித்து, “மார்த்தாவைக் கண்டனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஓம், கண்டனான். உன்னைக் கேட்டவள்.”

“என்னெண்டு?”

“எங்கை எண்டு.”

கம்சிகா தகப்பனைப் பார்த்தாள். சதீஸ் இன்னும் கத்தானியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே வெயில், அங்கே வேலை, அங்கே தமிழ்ச் சனம். அவன் சொல்வது எல்லாம் உண்மையாக இருக்கலாம் என்று சுதாஜினி நினைத்தாள். இரண்டு வருடத்துக்கு உண்மையாக இருக்கும்.

“நீங்கள் போங்கோ” என்றாள்.

“என்ன?”

“கத்தானியாவுக்கு. உங்களுக்கு விருப்பமெண்டா போங்கோ. நான் மறிக்கேல்லை. நானும் பிள்ளையளும் செல்வெத்தாவுக்குப் போறம்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். “விசரே உனக்கு? தனியவோ? அந்தக் குளிருக்குள்ளையோ?”

“இவ்வளவு நாளும் நீங்கள் எழும்பச் சொன்ன நேரமெல்லாம் எழும்பினனான். ஏனெண்டு எனக்குத் தெரியும், அதாலை ஒண்டும் கேக்கேல்லை. இனிமேலும் உங்களை இருக்கச் சொல்லிக் கேக்க மாட்டன். ஆனா என்னாலை இனி உங்களுக்குப் பின்னாலை ஓட ஏலாது. எங்கையோ போகத்தான் வேணுமெண்டா, இந்தமுறை நான் பாத்த இடத்துக்குப் போறன்.”

“அங்கை நீ நிப்பியோ?”

“தெரியாது. அவைக்கும் அதைத்தான் சொன்னனான்.”

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சண்டை. பரமேஸ்வரி மேலே ஏறி வந்து இரண்டு பேரையும் ஏசினாள். சதீஸ் ஒரு நாள் அழுதான்; அடுத்த நாள் பேசவில்லை; மூன்றாம் நாள், “பிள்ளையளைப் பாக்க விடுவியோ?” என்று கேட்டான். “என்ன கேள்வி இது?” என்று சுதாஜினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் எப்ப வந்தாலும் வீடு இருக்கும். எத்தினை நாள் நிக்கிறீங்கள் எண்டு நான் கேக்க மாட்டன்.”

ஜூன் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் விலாசம் மாற்றுவதற்கும் வரிசையில் நின்றது அவள்தான். திரைச்சீலையை ஆனந்தராசாவின் மனைவிக்கே விட்டுவிட்டாள். சதீஸ் பெட்டிகளைக் கப்பல்வரை சுமந்து வந்து, அறைக்குள் வைத்து, அனுசனின் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டி, இறங்கினான். அனுசன் கப்பல் நகர்ந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். கம்சிகா கடலைப் பார்த்தபடி நின்றாள். ஊர் கண்ணுக்கு மறைந்தபிறகு, “மாம்மா மியா, இனி இந்தக் கடல் இல்லைத்தானே” என்று மட்டும் சொன்னாள். சுதாஜினிக்கு அந்த நேரம் இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. இறங்க வழியில்லை.

செப்ரெம்பரில் பள்ளிக்கூடம் ஏழு பிள்ளைகளோடு திறந்தது.

சதீஸ் கத்தானியாவுக்குப் போகவில்லை. போகப் பையைக் கட்டியவன், துறைமுகத்தில் பழைய ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, பலேர்மோ-ஜெனோவாக் கப்பலில் அறை துப்புரவாக்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டான். அன்றைக்கே சேர்ந்தான். இப்போது அவன் ஒரு நாள் பலேர்மோவில், ஒரு நாள் ஜெனோவாவில், மிச்ச நேரமெல்லாம் நடுக்கடலில். பரமேஸ்வரி வீட்டில் ஒரு அறை வைத்திருக்கிறான். அதில் அதிகம் தங்குவதில்லை. கப்பலில் நன்றாக நித்திரை வருகிறது என்று சுதாஜினியிடம் போனில் சொன்னான். அவன் நித்திரையைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லீவு கிடைத்தால் ஜெனோவாவிலிருந்து மலை ஏறி வருவான். கபோவில் வாங்கிய மீனை ஐஸ்பெட்டியில் கொண்டுவருவான். முதல் தடவை வந்தபோது கிறிஸ்தியானின் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். கிழவர் அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு கிண்ணம் சூப் வைத்தார். சேமக்காலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று நாள் நிற்பான், சிலவேளை நான்கு. பிறகு ஜன்னலடியில் போய்ப் போய் நிற்பான். சுதாஜினி அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவாள்.

அவளுக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை பாரம். கிழவிகள் இத்தாலியனை விட்டுத் தங்கள் பாஷைக்குத் தாவிவிடுவார்கள், அவள் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையாட்டுவாள். அனுசன் அந்தப் பாஷையில் கனவு காண்கிறான். கம்சிகா ஒரு வாரம் மார்த்தாவோடு உயிர், அடுத்த வாரம் பகை. பலேர்மோவுக்குத் திரும்பப் போவோம் என்று கத்துவாள். பனி விழத் தொடங்கிய நாள் சுதாஜினியே அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினாள். திறந்து பார்த்தாள். கம்பளிச் சட்டைகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றினாள்.

மறுநாள் காலை மார்கரீத்தா வழியில் கண்டு, “இந்தக் குளிரைத் தாங்கிக்கொள்வீர்களா?” என்று கேட்டாள்.

“மார்ச்சிலே கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு, சுதாஜினி அனுசனின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் பனிக்குள் வழுக்கி வழுக்கி ஓடினார்கள்.